காசிமேட்டு அக்காவின் இரண்டு போன்கள்: ஆண்ட்ராய்டு 10-லிருந்து 14-க்கு

ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் அந்த அக்கா கடைக்கு வந்து நின்றார். கையில் பத்து நாள் முன்பு என்னிடம் வாங்கிய புது போன். மேசைமேல் வைத்தவர் உட்காரவில்லை.

"இன்னா தம்பி போன் குட்த்துக்கிற? துட்டு வந்தா சத்தமே வர்ல. நேத்து ஒரு மனுசன் ரெண்டு வாட்டி துட்டு போட்டுட்டுப் போயிருக்காரு. நாலு பேரு எதிர்ல அவரத் திட்டிட்டேன் நானு."

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடிவதற்கு முன்பே காசிமேடு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பவர். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு ஏழெட்டு வருடமாக வருகிறார். அவரிடம் திட்டு வாங்கியவர் வாரா வாரம் சங்கரா வாங்கும் பழைய வாடிக்கை. 340 ரூபாயை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். போன் வாய் திறக்கவில்லை. அவர் தன் திரையைக் காட்டியிருக்கிறார். கொஞ்ச நாள் முன்புதான் எவனோ பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அக்காவை ஏமாற்றியிருந்தான், அதனால் அக்கா நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. மனிதர் முகம் சுண்டிப்போய் இன்னொரு 340 போட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி மகள் கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டுமே வந்திருக்கிறது.

போனைத் தட்டித் திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாக இருந்தது, நெட் இருந்தது, ஒலி முழுசாக வைக்கப்பட்டிருந்தது. பழுது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதனால்தான் பழைய போனையும் கொண்டு வரச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு நாள் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு போன்கள்

பழையது 2020-ல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 10, 3 ஜிபி ராம், 32 ஜிபி இடம். சார்ஜ் போடும் வாயில் மீன் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. இரண்டு முறை மாற்றிக் கொடுத்தேன், மூன்றாவது முறை வேண்டாம் என்று நானே சொன்னேன். வாய் மட்டும் காரணம் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு மாதா மாதம் வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்களில் 10-ன் பெயர் வருவது 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பணம் வாங்குகிற போனை அப்படியே ஓட்டுவது சரியில்லை.

புதியது ஆண்ட்ராய்டு 14. அதே கம்பெனியின் போனாகப் பார்த்துத்தான் கொடுத்தேன், பழகிய முகமாக இருக்கட்டும் என்று. ஒப்பிடும்போது அதுவும் உதவியது. ஒவ்வொரு கம்பெனியும் ஆண்ட்ராய்டுக்கு மேல் தன் சட்டையைப் போட்டு அனுப்பும். எது சட்டை, எது உடம்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு போனுக்கும் ஒரே தையல்காரர் இருப்பது நல்லது.

10 வெளிவந்தது 2019 செப்டம்பரில், 14 வந்தது 2023 அக்டோபரில். நடுவில் 11, 12, 13. வருடா வருடம் அப்டேட் வாங்கியவர்கள் இதை ஒவ்வொரு படியாக ஏறியிருப்பார்கள். அக்கா நான்கு படியையும் ஒரே ராத்திரியில் ஏறினார்.

சத்தம் எங்கே போனது

ஆண்ட்ராய்டு 10-ல் ஒரு ஆப்பைப் போட்டால் அது நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. போட்ட நிமிடத்திலிருந்தே அனுப்பும். பிடிக்காவிட்டால் நாம்தான் தேடிப்போய் அணைக்க வேண்டும். 2022-ல் வந்த 13-ல் இது தலைகீழானது. புதிதாகப் போடும் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் மூடியே இருக்கும். ஆப் கேட்கும், நாம் சரி என்றால்தான் திறக்கும். 14-லும் அப்படியே.

இந்தப் பண ஆப் குரலையும் நோட்டிஃபிகேஷனோடுதான் கட்டியிருந்தது. அது இல்லையென்றால் இதுவும் இல்லை.

சோதித்துப் பார்த்தேன். பண ஆப் சிம்மோடு பிணைந்தது, ஒரே நேரத்தில் இரண்டு போனில் ஓடாது. அதனால் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அக்காவை வைத்தே திரும்பப் பதிவு செய்தேன். என் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக அனுப்பினேன். பழைய போன் ஐந்துக்கும் பேசியது. புது போன் ஐந்துக்கும் ஊமை. ஆப்பைத் திறந்து பார்த்தால் மட்டும் ஐந்தும் வரிசையாக நின்றன. முதலில் பேட்டரி சேமிப்பைச் சந்தேகப்பட்டேன், பல கம்பெனி போன்களில் அதுதான் ஆப்பின் கழுத்தைப் பிடிக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு எல்லாம் எடுத்துவிட்டும் பலன் இல்லை. செட்டிங்ஸில் ஆப்பின் பக்கத்துக்குப் போய் நோட்டிஃபிகேஷனைத் திறந்ததும், அடுத்த ரூபாய்க்கே குரல் வந்தது.

"எப்போ அக்கா இதை வேண்டாம்னு அழுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நீதானப்பா சொன்ன? எது கேட்டாலும் வேணாம்னு அமுக்கிடுன்னு."

சொன்னேன்தான். அதற்கு முந்தைய வருடம் வாட்ஸப்பில் போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நேராகப் போட்டுவிடும் கோப்பு, அவருக்கு வந்தது. அதைத் திறக்கப் போன நேரத்தில் நல்லவேளையாகக் கடைக்கு வந்தார். அன்றைக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்: போன் என்ன கேட்டாலும் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அந்தப் பாடத்தை அவர் ஒழுங்காகப் படித்திருக்கிறார். பழைய போனில் அந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை, பணச் சத்தத்தைப் பற்றி அது கேட்கவே இல்லையே. புது போன் கேட்டது. அதுவும் ஆங்கிலத்தில் கேட்டது, ஏனென்றால் கடையில் அவசரமாக ஏற்றும்போது மொழியை ஆங்கிலத்திலேயே விட்டது நான். பின் நம்பர் போட வேண்டியிருப்பதால் பண ஆப்பை மட்டும் அவர் வீட்டில் பேரனோடு உட்கார்ந்து பதிவு செய்தார். முதல் தடவை திறந்தபோது ஒரு வேண்டாம், அடுத்த தடவை கேட்டபோது இன்னொரு வேண்டாம். ஆண்ட்ராய்டு 11-லிருந்து இருக்கிற விதிப்படி, ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் அதற்குப் பிறகு ஆப் அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது. நல்ல விதி. நச்சரிக்கும் ஆப்களின் வாயை அடைத்தது அதுதான். ஆனால் இங்கே கேள்வியும் போய்விட்டது, சத்தமும் போய்விட்டது, எங்கே போயிற்று என்று சொல்ல ஒரு வரியும் திரையில் இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். கடையில் 12-லிருந்து 13-க்கு அப்டேட் ஆன போன் ஒன்று இருந்தது. அதில் முன்பே இருந்த ஆப்கள் எதுவும் இப்படிக் கேட்கவில்லை. ஏற்கெனவே நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருந்த ஆப்புக்கு அப்டேட்டின்போது அனுமதி தானாகவே தொடரும். ஆக, அதே போனை அப்டேட் செய்தவருக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படவே படாது. புது போன் வாங்குபவர்தான் விழுவார். எங்கள் பக்கத்தில் அப்டேட் வாங்கி வாங்கி ஓட்டுபவர்கள் குறைவு. போன் சாகும்வரை ஓட்டிவிட்டுப் புதிது வாங்குபவர்களே அதிகம்.

சீட்டுக் கணக்கு

இரண்டாவது பிரச்சினை அதே நாளில் வெளியே வந்தது. அக்கா ஒரு ஏலச்சீட்டு நடத்துகிறார், இருபது பேர். கணக்கு ஒரு சின்ன ஆப்பில். 2015 வாக்கில் மகளின் தோழி ப்ளூடூத்தில் அனுப்பியது. யார் செய்ததென்று தெரியாது, பிளே ஸ்டோரிலும் இல்லை. அந்த ஏபிகே கோப்பு மெமரி கார்டிலேயே போனுக்குப் போன் கூட வந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு 10-ல் அது ஓடியது. முதல் தடவை திறக்கும்போது, இது பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்யப்பட்டது, சரியாக ஓடாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை காட்டும். சரி என்றால் உள்ளே விட்டுவிடும். 14 வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்துச் செய்த ஆப்களை 14-ல் புதிதாகப் போட முடியாது.

கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் வலுவானது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 வரைக்கும் ஆப் தனக்கு வேண்டிய அனுமதி எல்லாவற்றையும் போடும்போதே மொத்தமாக வாங்கிக்கொள்ளும். கேமரா, தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், எல்லாம் ஒரே கையெழுத்தில். 6-லிருந்துதான் தேவைப்படும்போது தனித்தனியாகக் கேட்கும் முறை வந்தது. திருட்டு ஆப் செய்பவர்கள் இதைத் தாண்ட ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: நான் பழைய ஆண்ட்ராய்டுக்கான ஆப் என்று சொல்லிக்கொண்டு நுழைவது. 14 அந்தக் குறுக்கு வழியைத்தான் அடைத்தது. அபராத ஏபிகேயிலிருந்து அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிற அதே கதவில்தான் அவருடைய சீட்டுக் கணக்கும் மாட்டிக்கொண்டது.

கணினியில் கேபிள் போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் தடையைத் தாண்டிப் போடலாம். நான் செய்யவில்லை. போட்டாலும் வெறும் ஆப்தான் வரும், கணக்கு வராது. அதில் சேமித்ததை வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை. 15-ல் இந்தக் கோடு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது, ஆண்ட்ராய்டு 7-க்கு முந்தையவை நுழைய முடியாது. இன்றைக்கு ஏமாற்றி நுழைத்தால் அடுத்த போனில் திரும்ப அழ வேண்டும்.

அதனால் மகள் இரண்டு சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து நீள நோட்டு ஒன்றில் எழுதினார். பழைய போனை சார்ஜ் வயர் விலகாத கோணத்தில் துணி சுருட்டி அணை கொடுத்து வைத்தோம், அசைந்தால் அணைந்துவிடும். பட்டியலில் ஒருவருக்கும் முழுப் பெயர் இல்லை. ஐஸ் வண்டி அண்ணன், பாத்திரக் கடை, கோயில் தெரு ஆயா, நெத்திலி அக்கா. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எத்தனை தவணை கட்டியது, எந்த மாதம் எடுத்தது. கோயில் தெரு ஆயாவின் கணக்கில் ஒரு மாதம் விட்டுப்போனது எழுதும்போதுதான் தெரிந்தது. அக்காவைக் கேட்டோம். "அது அவங்க வூட்டுக்காரரு தவறுன மாசம். நான்தான் வாங்கல. அப்டியே வுடு" என்றார். மகள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஈர விரல்

இது சின்ன விஷயம், ஆனால் அக்காவுக்கு எரிச்சல் இதில்தான் அதிகம். பழைய போனில் திரைக்கு அடியில் மூன்று பொத்தான்கள்: பின்னால் போக ஒன்று, வீட்டுக்குப் போக ஒன்று, திறந்திருப்பதைப் பார்க்க ஒன்று. விளிம்பிலிருந்து விரலை இழுத்தால் பின்னால் போகும் முறை 10-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் போனில் பொத்தான்தான் வைத்துத் தந்தார்கள். புது போன் இழுக்கும் முறையோடு வந்தது.

அக்கா போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் வைத்திருப்பார். தண்ணீர், செதில், ஐஸ் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்ற வேறு வழி கிடையாது. உறையின் மடிப்பு சரியாகத் திரையின் விளிம்பில் வந்து நிற்கும். விளிம்பிலிருந்து இழுக்கிற விரல் மடிப்பில் தட்டி நிற்கும், பாதி நேரம் இழுப்பு பதிவாகாது. ஐந்து விநாடியில் மீண்டும் மூன்று பொத்தானுக்கு மாற்றிவிட்டேன், 14-லும் அந்த வசதி இருக்கிறது. அப்போதுதான் முதன்முறையாக அக்கா அந்தப் போனைப் பார்த்துச் சிரித்தார்.

புதிதில் நன்றாக இருந்தவை

குறைகளை மட்டும் எழுதினால் நியாயமில்லை. எழுத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டின் சொந்த அளவுகோலில் முன்பு 130 சதவீதம் வரைதான் பெரிதாக்கலாம், 14-ல் 200 வரை போகலாம். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு அதே வேகத்தில் ஊதாமல், சின்ன எழுத்துகள்தான் அதிகமாகப் பெரிதாகும். முழுசாக வைத்தபோது தமிழின் நீளமான சொற்கள் உடைந்து அடுத்த வரிக்கு ஓடின, அதனால் ஒரு படி குறைத்து வைத்தோம். கண்ணாடி இல்லாமல் தொகையைப் படிக்க முடிகிறது.

13-லிருந்து, அதற்கு இடம் கொடுக்கும் ஆப்களுக்கு போன் செட்டிங்ஸிலேயே தனி மொழி வைக்கலாம். போன் முழுக்கத் தமிழ், வங்கி ஆப் மட்டும் ஆங்கிலம், மகளுக்கு அதுதான் பழக்கம். பழைய போனில் அந்தந்த ஆப் தானாக வசதி வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

மைக்கோ கேமராவோ ஓடும்போது மேல் மூலையில் பச்சை அடையாளம் காட்டுவது 12-ல் வந்தது. "பச்சையா இன்னாவோ எரியுது தம்பி" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்போது அக்கா பயந்தார். விளக்கிச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போனது. நாம் பேசாதபோது அது எரிந்தால் உடனே என்னிடம் கொண்டு வாருங்கள் என்றேன். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடும் ஆப், திரையைப் படிக்கும் அணுகல் வசதியையோ நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் உரிமையையோ எடுத்த எடுப்பில் கேட்டு வாங்க முடியாதபடி 13-ல் ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். அக்காவைப் போன்றவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது பெரியது. இதற்காக மட்டுமே போனை மாற்றச் சொல்வேன்.

ஐப்பசி மழை

கடைசியாக வருவது அக்காவின் போனில் இன்னும் நடக்கவில்லை. என் போனில் நடந்தது.

என் வீடு வியாசர்பாடியில். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. அந்த ராத்திரியில் வானிலை எச்சரிக்கை ஆப் ஒன்றைப் போட்டேன். டிசம்பர் முழுக்க ஒழுங்காகக் கூவியது. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த அன்று பக்கத்து வீட்டுப் போன் கூவியது, என்னுடையது கூவவில்லை. திறந்து பார்த்தால் இருப்பிட அனுமதி பறிக்கப்பட்டிருந்தது. ஆப் உறக்கத்தில் போடப்பட்டிருந்தது.

பல மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் 11-ல் தொடங்கியது. பிறகு பிளே சர்வீசஸ் என்ற கூகுளின் பின்னணி ஆப் வழியாகப் பழைய பதிப்புகளுக்கும், 6 வரைக்கும், போனது. ஆகவே அக்காவின் பழைய 10-க்கும் அந்தப் பாதி உண்டு. ஆப்பையே உறங்க வைப்பது 12-லிருந்துதான். உறங்கும் ஆப் பின்னணியில் வேலை செய்யாது, வெளியிலிருந்து அனுப்பும் நோட்டிஃபிகேஷனும் அதை எழுப்பாது. நோட்டிஃபிகேஷனைத் தொட்டுத் திறந்தால்தான் ஆப்பைப் பயன்படுத்தியதாகக் கணக்கு. தள்ளிவிட்டால் கணக்கில் சேராது. எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தள்ளிவிடுவதுதானே எல்லோர் வழக்கமும்.

என்றைக்கோ போட்டு மறந்த விளையாட்டு ஆப் நம் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் தடுப்பதற்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வருடத்தில் மூன்று மாதம் மட்டுமே தேவைப்படும் ஆப்பும் உண்டு என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். நடுவே ஒன்பது மாதம் அதைத் தொட ஒரு காரணமும் இல்லை. அக்காவுக்கு இது வயிற்றுப்பாடு. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தால் படகு இறங்காது, ஏலத்தில் மீன் இருக்காது, விடியற்காலையில் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு வீண். செல் டவரிலிருந்தே நேராக வந்து போனை அலற வைக்கும் அவசர எச்சரிக்கை வேறு, 2023-ல் நாடு முழுக்கச் சோதித்தார்களே அது. அதற்கு ஆப் தேவையில்லை, உறக்கமும் கிடையாது. ஆனால் அன்றாடக் கடல் நிலவரம் அதில் வராது.

ஆப்பின் தகவல் பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் நிறுத்தி வை என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அக்காவின் போனில் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் அதை அணைத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே விட்டேன்.

இப்போது

340 ரூபாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போய்விட்டது, கூடவே அரைக் கிலோ சங்கராவும். வாங்க மறுத்தவரின் பையில் அக்காவே போட்டிருக்கிறார்.

கடையில் நான் இரண்டு வேலையை மாற்றிக்கொண்டேன். புது போன் ஏற்றும்போது முதலில் மொழியைக் கேட்கிறேன். பண ஆப்பை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்புவதில்லை. பின் நம்பர் போடும்போது மட்டும் நான் திரும்பிக்கொள்கிறேன், போன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்துக் காட்டி, எதற்குச் சரி, எதற்கு வேண்டாம் என்று அவர்களையே அழுத்த வைக்கிறேன். பிறகு என் கணக்கிலிருந்து ஒரு ரூபாய். குரல் வந்தால்தான் போனைக் கையில் கொடுப்பேன். ஒரு போனுக்கு இருபது நிமிடம் கூடுதலாகிறது.

எது கேட்டாலும் வேண்டாம் என்று யாருக்கும் இப்போது நான் சொல்வதில்லை. யார் கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் திறந்த ஆப் கேட்கிறதா, யாரோ அனுப்பியது கேட்கிறதா? அக்கா அதைத் தன் வார்த்தையில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "நான் கூப்ட்டு வந்தவனா, அவனா வந்தவனா."

பழைய போன் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சீட்டு முடிய இன்னும் ஆறு மாதம், அதுவரை தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். புரட்டாசியில் பாதித் தெரு மீன் வாங்காது, அக்காவுக்கும் வேலை குறைவு. அந்த மாதத்தில் ஒரு நாள் புது போனோடு கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், மழை ஆப்பைத் திறந்து பார்த்து மூட.